மேலே ஒன்றுமில்லை என்றார்கள்

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை கம்பியும் தோல்வாரும் வைத்த காலிப்பர் போட்டு, வலது கையில் ஊன்றுகோல் பிடித்து நடக்கிறேன். எடுத்த எடுப்பில் இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால், மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் ஏறும் மலையை நான் ஏன் நாலு மணி நேரம் ஏறினேன் என்று உங்களுக்குப் புரியாது. அதனால் சொல்லிவிட்டேன். இனி அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

நாற்பத்தெட்டு வயது வரை நான் எந்த மலையிலும் ஏறியதில்லை. போகாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனார்கள்; பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்களின் மொட்டை, காதுகுத்து என்று தீர்த்தமலைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அடிவாரத்தில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். திரும்பி வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்பேன். எல்லோரிடமும் ஒரே பதில்தான். "மேல ஒன்னுமில்ல, வெறும் பாறைதான். நீ வராததே நல்லதாப் போச்சு."

அதை எல்லோரையும்விட அழுத்திச் சொல்கிறவள் என் அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறவரை தினமும் என்னை இடுப்பில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவள். பிள்ளைகளை வளர்த்து வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை, தனிக் குடித்தனம். அக்கா தினமும் சாயங்காலம் வந்து, எதையாவது தூக்கினேனா, எங்கேயாவது வழுக்கினேனா என்று விசாரித்துவிட்டுப் போவாள்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தார்கள். அவர்கள் போன விஷயமே திங்கட்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரி போனில் படங்களைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நாங்களே பேர் போடலைங்க மேடம்." நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே எல்லாப் படங்களையும் பார்த்தேன். பிறகு என் இடத்துக்கு வந்து ஒரே கடிதத்தை மூன்று தடவை தப்பாக அடித்தேன். பைகளுக்குக் காவல் இருக்கவாவது என்னை இதுவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானமே விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். மே மாதத்தில் பதினைந்து நாள். இருபத்திரண்டு வருஷ வேலையில் நான் காய்ச்சலுக்குத் தவிர விடுப்பு எடுத்ததில்லை. அதிகாரி தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆபரேஷன் ஏதாச்சும் இருக்குங்களாம்மா?"

"இல்லைங்க சார். ஊர் சுத்தப் போறேன்."

"காரணத்துலயும் அப்படியேதான் எழுதியிருக்கீங்க. 'ஊர் சுற்றிப் பார்க்க'. சொந்த அலுவல்னு மாத்திக் குடுங்க."

"என்னோட சொந்த அலுவல் அதுதாங்க சார்."

அவர் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு அப்படியே கையெழுத்துப் போட்டார்.

விடுப்பு தொடங்கும்வரை விடியற்காலையில் வாணியாறு அணைக்குப் போனேன். என்னிடம் பின்னால் இரண்டு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. அதை அணைக்குக் கீழே நிறுத்திவிட்டுக் கரைமேல் நடப்பேன். முதல் நாள் இருபது நிமிடத்தில் தொடை நடுங்கியது. ஒரு வாரத்தில் கரையின் பாதித் தூரம். மூன்றாவது வாரம் முழுக் கரையும் போய்த் திரும்பினேன். நீர் வற்றிச் சேறு வெடித்திருந்தது. நடுவில் மிச்சமிருந்த தண்ணீரில் நாரைகள் நின்றன. சேர்வராயன் மலை முழுவதும் இளம்பச்சையும் காய்ந்த பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. வழக்கமாக நடக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போவார்கள். ஒருவர் நின்று கேட்டார்.

"டாக்டர் நடக்கச் சொல்லிட்டாருங்களா?"

"நடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க," என்றேன். அவர் நடையை வேகமாக்கினார்.

விடுப்பின் முதல் நாள் தீர்த்தமலை. முந்தின சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு கூட வராங்க?"

"யாரும் இல்ல."

"பைத்தியமாடி உனக்கு? உன்ன இடுப்புல தூக்கினு போனவ நானு. உன்னால என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா?"

"தூக்குனதுல உனக்கு என் கனம் தெரியும். நான் நடந்து நீ எங்க பாத்த?"

அவள் உளுந்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

காலை ஆறரைக்கு முதல் படியில் ஏறினேன். வலது காலை மேல்படியில் வைக்க வேண்டும். ஊன்றுகோலைப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். உடம்பை முன்னால் சாய்த்து இடது காலை இழுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு படி. மறுபடியும் முதலிலிருந்து. இருபது படிக்கு ஒருமுறை உட்கார்வது என்று வைத்துக்கொண்டேன். பாதி மலைக்குப் பிறகு அது பத்தாகி, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். வெயில் ஏறியது. காலிப்பரின் தோல்வார் வியர்வையில் ஊறித் தொடையை அறுத்தது. குரங்குகள் வந்து என்னிடம் தின்ன ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு போயின.

இறங்கி வந்த ஒரு பெரியவர் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "இதோட இருந்துக்கம்மா. இங்கிருந்தே கும்பிட்டாலும் சாமி ஏத்துக்கும்."

"சாமி ஏத்துக்குமுங்க. நான் மலையப் பாக்க வந்தேன். அதக் கீழ இருந்து நாப்பது வருசமாப் பாத்துட்டேன்."

கோயிலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பின்னால் ஓர் இளைஞன் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததைக் கண்டேன். கல்லூரிப் பையன் மாதிரி இருந்தான். கூட ஒரு பெண்ணும் இருந்தாள். நான் திரும்பியதும் அவன் போனைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தான்.

"சூப்பர் மேடம். ரொம்ப இன்ஸ்பைரிங்கா இருந்துச்சு. போடப் போறேன். எல்லாருக்கும் ஒரு மோட்டிவேஷனா இருக்கும்."

"என்னைக் கேட்டியாப்பா?"

"முகம் தெரியலைங்க மேடம். பின்னாடி இருந்துதான் எடுத்தேன்."

"எங்க ஊருல என் முகத்த வெச்சா அடையாளம் சொல்றாங்க? இந்தக் கால வெச்சுத்தான் சொல்றாங்க. அழிச்சிடு."

"நல்லதுக்குத்தானுங்க மேடம்…"

"நீ ஏறி வந்தத யாராச்சும் எடுத்தாங்களா? உன் மூச்சு வாங்கறத எடுத்தாங்களா? நானும் உன்ன மாதிரிதான் வந்திருக்கேன். சுத்திப் பாக்க. அழி."

அந்தப் பெண் அவன் கையிலிருந்து போனை வாங்கி அழித்தாள். அழித்தவை சேரும் இடத்திலிருந்தும் அழிக்கச் சொன்னேன். அலுவலகத்தில் கணினியோடு இருக்கிறவள், அதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் அதையும் அழித்துத் திரையை என்னிடம் காட்டி, "சாரிங்க அக்கா," என்றாள். இரண்டு பேரும் என்னைத் தாண்டி மேலே போனார்கள். நான் மீதிப் படிகளை ஏறினேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. பாறை இடுக்கிலிருந்து கசிந்து விழும் தண்ணீரில் நின்றேன். அந்தக் கத்திரி வெயிலிலும் அது விரலை விறைக்க வைத்தது. தலை நனைந்து, புடவை நனைந்து, காலிப்பரும் நனைந்தது. பிறகு பாறை ஓரத்துக்கு வந்து உட்கார்ந்து கீழே பார்த்தேன். மரவள்ளிக் காடுகளும் தென்னந்தோப்புகளும் சதுரம் சதுரமாகக் கிடந்தன. தென்பெண்ணை மணலாக வெளுத்து வளைந்து போனது. அதற்கு அப்பால் மலைக்குப் பின்னால் மலை, ஒவ்வொன்றும் முந்தியதைவிட மங்கலான நீலம். ஒரு பருந்து என் காலுக்குக் கீழே பறந்தது. பறக்கிற பருந்தின் முதுகை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனையையும் பார்த்துவிட்டு வந்துதான் இவர்கள் என்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொருவரும்.

இறங்க மூன்று மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்தபோது அக்கா என் வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து வெந்நீர் வைத்தாள். காலிப்பரைக் கழற்றினேன். தொடையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள்.

"மேல ஒன்னுமில்லன்னு சொன்னியே," என்றேன்.

அவள் குனிந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறன். வெறும் பாறைதான்னு சொன்னியே."

"இருக்குதுன்னு சொன்னா நீ அழுவியே." எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "சின்னதுல ஒருக்கா சொன்னன். திருவிழாவுல ராட்டினம் சுத்தனத சொன்னன். நீ ரெண்டு நாளு சோறு திங்கல. அதுல இருந்து எதையும் நான் உங்கிட்ட நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல."

எனக்கு அந்த ராட்டினம் ஞாபகமே இல்லை. அவள் மறக்கவில்லை. தான் பார்த்த நல்லதையெல்லாம் இத்தனை வருஷமாக என் முன்னால் மட்டமாகவே பேசியிருக்கிறாள். என் கோபம் அடங்கவில்லை. ஆனால் அதை முழுசாக அவள்மேல் போட முடியவில்லை.

"அழுதா அழுதுட்டுப் போறன். இனிமே உள்ளத சொல்லு," என்றேன்.

"அடுத்தது எங்க?" என்றாள்.

"வத்தல்மலை."

"நானும் வரன்."

ஒரு நிபந்தனை போட்டேன். எனக்குப் பின்னால்தான் வர வேண்டும். கையைப் பிடிக்கக் கூடாது, ஐயோ என்று சொல்லக் கூடாது. சரி என்றாள்.

தோல் ஆற ஐந்து நாளாயிற்று. அதற்குப் பிறகு தருமபுரி போய் வத்தல்மலை பஸ்ஸில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற வெயில் விலகியது. ஜன்னலில் குளிர்ந்த காற்று அடித்தது. மேலே இறங்கியதும் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் போன மண்பாதையில் நடந்தோம். காப்பிச் செடிகள், மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், அடிமரத்தில் கொத்தாகத் தொங்கிய பலாக்காய்கள். கோடை மழைக்காக உழுது போட்ட நிலம் சிவப்பாகக் கிடந்தது. நான் எட்டு வைத்து நின்று பார்ப்பேன், மறுபடியும் எட்டு வைப்பேன். பின்னால் அக்காவின் செருப்புச் சத்தம் தடுமாறிக்கொண்டே வந்தது. அவ்வளவு மெதுவாக நடப்பது அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

ஓர் இறக்கத்தில் ஊன்றுகோல் சரளைக்கல்லில் வழுக்கி விழுந்தேன். பக்கவாட்டில், முழங்கை அடிபட. அக்கா ஓடி வந்துவிட்டாள்.

"தொடாத!"

குனிந்த அவள் கைகள் அப்படியே நின்றன.

எழுந்திருக்க எனக்கு ஒரு முறை உண்டு. காலிப்பரின் முட்டிப் பூட்டைத் திறக்க வேண்டும். உருண்டு குப்புறப் படுக்க வேண்டும். வலது முட்டியை மடக்கி, ஊன்றுகோலைப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். வீட்டுக்குள் எத்தனையோ முறை எழுந்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. இறக்கத்தில் அது லேசாக இல்லை. இரண்டு முறை சரிந்து மூன்றாவது முறை நின்றேன். பூட்டைப் போட்டுப் புடவையைத் தட்டிவிட்டேன். முழங்கையில் ரத்தம் கசிந்தது.

திரும்பிப் பார்த்தால், அக்கா முந்தானையை இரண்டு கைகளிலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கன்னமெல்லாம் ஈரம். ஆனால் ஐயோ என்று சொல்லவில்லை.

"இப்படித்தான் எழுந்திரிப்பியா?" என்று கேட்டாள்.

"இப்படித்தான்."

"எனக்குத் தெரியாதுடி."

"நீ பாக்கற வரைக்கும் எங்க விட்ட? விழறதுக்கு முன்னாடியே புடிச்சிக்குவ."

அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அங்கேயே ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுபோன புளிசோற்றைத் தின்றோம். என் முழங்கையைக் கழுவக்கூட அவள் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினாள்.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சித்தேரிக்குப் போனோம். மலைமேல் பஸ் நின்ற இடத்தில், புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழி விசாரித்தேன். அந்த மலையிலேயே பிறந்து, சாமையும் ராகியும் விதைத்து, காட்டில் கடுக்காயும் நெல்லியும் பொறுக்குகிறவள். என் வயதுதான் இருக்கும். மேட்டின் உச்சியிலிருந்து இரண்டு பக்கப் பள்ளத்தாக்கும் தெரியும் என்றாள்.

"எவ்வளவு நேரமாவுங்க?"

அவள் என் காலிப்பரையும் ஊன்றுகோலையும் நிதானமாகப் பார்த்தாள். கோயில் படியில் அந்தப் பெரியவர் பார்த்த பார்வை அது இல்லை. சுமையை எடை போடுகிறவர்கள் பார்க்கிற பார்வை.

"எங்களுக்கு ஒன்ற மணி நேரம். உங்களுக்குப் பொழுது பூரா ஆவும். நடுவுல ஓடைப் பாறை ஒன்னு இருக்குது, அது கொஞ்சம் மோசம். வாங்க, நானும் அந்தப் பக்கந்தான் போவணும்."

என்னிடம் அதுவரை யாரும் இப்படிக் கணக்காகச் சொன்னதில்லை. முடியாது என்பார்கள், அல்லது உங்களால் முடியாததா என்பார்கள். இவள் நேரத்தையும் பாறையையும் சொன்னாள். எனக்கு அது போதும்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மூங்கில் புதர்களும் காய்ந்த புல்லுமாக ஒற்றையடிப் பாதை. காற்றில் எங்கோ பூத்திருந்த காட்டு மல்லிகை வாசம். அந்தப் பெண் முன்னால் போய்க் காத்திருப்பாள். நான் வந்ததும் மறுபடியும் போவாள். பதினொன்றரைக்கு ஓடைப் பாறைக்கு வந்தோம். தண்ணீர் இல்லை. சாய்வாக, வழவழவென்று, பாசி காய்ந்து கறுத்த பாறை. அதைத் தாண்டுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே வானம் இருண்டு, பெரிய பெரிய தூறல் நாலு விழுந்தது. பாறைமேல் துளி பட்ட இடமெல்லாம் மினுங்கியது.

"நான் இதோட நிக்கறன்," என்றேன்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "இன்னும் கொஞ்சந்தாண்டி. தீர்த்தமலையே ஏறிட்ட. நான் வேணும்னா…"

"வேணாம். தீர்த்தமலை ஏறுனதும் நான் முடிவு பண்ணது. இங்க நிக்கறதும் நான் முடிவு பண்ணது. நீங்க போயிட்டு வாங்க."

ஏற முடிந்தவள் எப்போதும் ஏறிக் காட்ட வேண்டும் என்று ஒரு புது விதி வந்துவிடக் கூடாது. அதற்கும் நான் தலையாட்டப் போவதில்லை. ஒரு பிளவுபட்ட பாறையின் அடியில் ஒதுங்கி உட்கார்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பாறையைத் தாண்டி மரங்களுக்குள் மறைந்தார்கள். மழை வலுத்தது. காய்ந்த ஓடையில் முதலில் ஒரு நூல் தண்ணீர் வந்தது. இலைகளைத் தள்ளிக்கொண்டு, குழிகளை நிரப்பி வழிந்து, அரைமணி நேரத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. நின்று வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடத்தில் ஓர் ஓடை பிறப்பதைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

மழை விட்டு, ஓடை வடிந்த பிறகு அவர்கள் சொட்டச்சொட்டத் திரும்பி வந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தாள்.

"சொல்லு," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நல்லா இருந்துச்சுடி. மேகம் நமக்குக் கீழ போவுது. ஒரு பக்கம் மழ பேயிது, இன்னொரு பக்கம் வெயிலடிக்குது. அந்த ஏரியெல்லாம் சின்னக் கண்ணாடித் துண்டாட்டம் தெரியுது. நீ இல்லாதது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

எனக்குக் கண் கலங்கியது. அழுதேன்தான். அவள் பயப்படவில்லை, மேலே பார்த்த மற்றதையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் மடியிலிருந்து நாலு நெல்லிக்காய் எடுத்து எங்கள் கையில் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதியிருந்த இருக்கையில் திடகாத்திரமான ஓர் ஆள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எழுந்திரிங்க," என்றேன்.

அவர் என் சேற்றுக் காலையும் ஈரப் புடவையையும் பார்த்தார். "காட்டுக்குள்ள சுத்திட்டு வரீங்க போல. அங்க நடக்க ஆவுது, இங்க நிக்க ஆவாதா?"

பஸ்ஸில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்தாள். அவள் தோளில் கை வைத்து நிறுத்தினேன்.

"நடப்பனுங்க. அது என் ஆசை. இது என் சீட்டு. எழுந்திரிங்க."

எழுந்தார். முணுமுணுத்துக்கொண்டேதான். நான் உட்கார்ந்து காலை நீட்டி, முட்டிப் பூட்டைத் திறந்துவிட்டேன். அக்கா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். பஸ் வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. மழையில் கழுவின காடு, ஜன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில், இலை இலையாகப் போய்க்கொண்டிருந்தது.